உள்தாழ்ப்பாள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா? சின்னவனுக்கு இருமல் நின்றதா?

சலவைக் கூடம் எரிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நான் கேன்டீனில் பாத்திரம் கழுவப் போகிறேன், வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரி நேற்று, "என்னக்கா, உன் வீட்ல சத்தமே இல்லை" என்றாள். என் பொண்ணு வாயாடி போன வீட்டில் சத்தம் எங்கிருந்து வரும்? அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் எழுதுவது வேறு விஷயம். இங்கே ஒரு குழு சேர்ந்திருக்கிறது. எல்லோரும் கதவுக் குழு என்றுதான் சொல்கிறார்கள். தலைவி முன்பு தபால் ஆபீசில் இருந்தவர், தடிக் கண்ணாடி போட்டிருப்பார். கண்ணாடியம்மா என்று நான் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வதில்லை. வேலை செய்யும் இடத்தில் கதவு மூடிக் கிடந்து ஆள் செத்தால் முதலாளியை உள்ளே போட ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்கிறார்கள். இஸ்திரி அறையில் செத்த நாலு பெண்களின் வீட்டுக்கும் வந்தார்கள். மற்ற மூன்று வீட்டிலும் பேச யாரும் முன்வரவில்லை. நான் சரி என்றேன்.

நீ அந்தச் சட்டசபையிலேயே உட்கார்ந்து எழுதுகிறவன். உள்ளே என்ன நடக்கிறது என்று உனக்குத்தானே தெரியும்? எனக்கு எழுது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எனக்குப் புரிகிற மாதிரி எழுது. உனக்கு முதல் எழுத்தைக் கைபிடித்துக் காட்டியவள் கேட்கிறேன்.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். இருமல் நின்று சளி பிடித்திருக்கிறது. இந்த ஒற்றை அறையில் ஒருவனுக்கு வந்தால் நாலு பேருக்கும் வரும். அரசாங்கக் குடியிருப்புக்கு விண்ணப்பம் போட்டு ஆறு வருடம் ஆகிறது. தண்ணீர் மாடி ஏறுவதில்லை, நான்தான் ஏறுகிறேன், வாளியோடு.

என் வேலையைக் கேட்டாய். சுருக்கெழுத்தர்கள் ஒன்பது பேர். பத்து நிமிடத்துக்கு ஒருவராக மாறி மாறிச் சபையில் உட்கார்ந்து, பேசுவதை எல்லாம் எழுதுவோம். யார் எழுதியது என்று தெரிய ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எங்கள் எண் இருக்கும். நான் ஏழு. தலை நிமிரக் கூடாது. கை தட்டினால் அடைப்புக்குறிக்குள் (கைதட்டல்) என்று போடுவோம். சிரித்தால் (சிரிப்பு). அழுதால் என்ன போடுவது என்று விதியில் இல்லை. இந்தப் பதினோரு வருடத்தில் தேவையும் வரவில்லை.

உங்கள் சட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. நகல் என் கையால்தான் போனது. நான்காம் பிரிவுதான் உயிர்: "வாசல் மூடப்பட்டிருந்ததால் உயிர் போனால், அதை மூடியவர் யாராக இருப்பினும், நிறுவன உரிமையாளரே பொறுப்பு; சிறைத் தண்டனை." யார் மூடினாலும் என்பதைக் கவனி. அது இல்லாவிட்டால் முதலாளி யாராவது ஒரு காவலாளியைக் காட்டிவிட்டுப் போய்விடுவான்.

இது சபைக்கு வரும் முன் வெளியாள் பார்க்கக் கூடாது. தெரிந்தால் என் வேலை போய்விடும். படித்ததும் கிழித்துவிடு.

தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

சளிக்கு ஆவி பிடிக்கச் சொல். எனக்குக் கை மட்டும் சோடா உப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் உரிகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை.

குழுவில் எனக்குப் பேசப் பயிற்சி கொடுக்கிறார்கள். சட்டசபை விசாரணைக் குழு முன்னால் மூன்று நிமிடம்தானாம். கண்ணாடியம்மா கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காருவார். நான் ஆரம்பித்ததுமே அழுதுவிட்டேன். "அழுகை வந்தா வரட்டும்மா, வேண்டாங்கல. ஆனா பொண்ணு வயசைச் சொன்னதுக்கு அப்புறம் வரட்டும். முன்னாடியே அழுதுட்டா அவங்க காதுல எதுவும் ஏறாது" என்றார். நல்ல மனுஷிதான். நாலு தடவை சொல்ல வைத்தார். நாலாவது தடவை சரியான இடத்தில் அழுதேன். எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள்.

திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு சட்டசபை உறுப்பினருக்கும் ஒரு கார்டு போடுகிறோம். கார்டில் ஒரு கதவுப் படம், கீழே ஒரு வரி. நானும் நாற்பது கார்டு வரைகிறேன். போன வாரம் கண்ணாடியம்மா என் கார்டுகளைப் புரட்டிப் பார்த்து, "எல்லாத்துலயும் தாழ்ப்பாள் போட்டிருக்கீங்களே, எதுக்கு? வெறும் கதவு போதும்" என்றார். நான் கார்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டேன்.

தம்பி, இதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். கதவு உள்ளேதான் தாழ் போட்டிருந்தது. தாழ்ப்பாளை வாங்கிக் கொடுத்தது நான்.

இஸ்திரி அறையில் அடுப்புக்குள் நிற்கிற மாதிரி வேகும். வேர்வையில் நனைந்து, பெண்கள் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் உடுப்பு மாற்றுவார்கள். மாற்ற வேறு இடம் கிடையாது. அந்த நேரம் பார்த்து மேஸ்திரி கதவைத் தள்ளிக்கொண்டு வருவான். கேட்டால் "துணி எண்ண வந்தேன்" என்பான். வாயாடி என்னிடம் வந்து, "அம்மா, அவன் மூஞ்சில இஸ்திரிப் பெட்டியை வைக்கப் போறேன்" என்றாள். நான்தான், "சண்டை போடாதடி, வேலை போயிடும். ஒரு தாழ்ப்பாள் அடிச்சுக்கோங்க" என்றேன். நானே இரும்புக் கடைக்குப் போனேன். சின்னதாக ஒன்று காட்டினான். "இது வேண்டாம், நல்லா கனமாப் பார்த்துக் குடுங்க, ஆம்பளை தள்ளினாலும் திறக்கக் கூடாது" என்று கேட்டு வாங்கினேன்.

அன்றைக்கு நாலு மணிக்குத்தான் தீப்பிடித்தது. சூட்டில் அது பிடித்துக்கொண்டு வரவில்லை போலிருக்கிறது. வெளியே இருந்து மூன்று ஆம்பளைகள் தள்ளினார்களாம். திறக்கவில்லை.

இதைக் குழுவிடம் சொல்லட்டுமா, வேண்டாமா? நீ படித்தவன். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அக்கா

மார்ச் 11

அக்கா,

படித்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் வாயாடி செல்லம். "மாமா, உங்க ஆபீஸ்ல பேசறதை எழுதினா சம்பளம்னா நான் பேசறதை எழுதி நீங்க பணக்காரர் ஆயிடலாமே" என்பாள்.

தாழ்ப்பாள் பேச்சை எனக்கு எழுதியதோடு முடித்துக்கொள். யாரிடமும் வாய் திறக்காதே. கதவு ஏன் மூடியிருந்தது என்று கேட்டால் தெரியாது என்று சொல். நான்காம் பிரிவு நிற்கும்வரை, யார் மூடினாலும் ஒன்றுதான்.

உள் செய்தி: ஆளும் தரப்பில் பன்னிரண்டு பேர் தயங்குகிறார்கள். வடக்கு வரிசையில் தொப்பைக்காரர் ஒருவர் முதலாளிகள் சங்கத்தோடு தினம் சாப்பிடுகிறார், அவரை உங்கள் குழு முதலில் பிடிக்கட்டும். இதையும் கிழித்துவிடு.

வீட்டில் எல்லோரும் சுகம்.

தம்பி

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் ஊர் வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது.

விசாரணை அறையில் உன்னைப் பார்த்தேன். தொப்பைக்காரருக்குப் பக்கத்தில், சுவரோரம், சின்ன மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தாய். நீ வருவாய் என்று எனக்குத் தெரியாது. பார்த்ததும் தைரியம் வந்தது. வயது சொன்ன பிறகுதான் அழுதேன். அழும்போது ஒருத்தர் டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். அதையும் எழுதினாயா?

கடைசியில் தொப்பைக்காரர், "ஏம்மா, கதவு எதுக்கு மூடியிருந்துச்சு?" என்றார். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். நீ அதை எழுதினாய். உன் பேனா நின்று போனதை நான் பார்த்தேன், பிறகு ஓடியது. நீ தலை நிமிரவில்லை. விதி என்று சொன்னாயே, அதனால் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. வெளியே மர நிழலில் ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். நீ வேறு வாசல் வழியாகப் போய்விட்டாய் போலிருக்கிறது. பிள்ளைகளுக்கு என்று வாங்கிய சட்டை இரண்டும் என்னிடமே இருக்கிறது.

தொப்பைக்காரரைக் குழு போய்ப் பார்த்தது. நீ சொன்னதாகச் சொல்லவில்லை.

அக்கா

மே 21

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோருக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதம் வந்து பத்து வாரம் ஆகிறது. நான் போட்டது வந்ததா என்று தெரியவில்லை.

இங்கே எல்லோரும் நம்பிக்கையாக இருக்கிறார்கள். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் நம் பக்கம் என்று கண்ணாடியம்மா சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறார். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். அதில் ஒரு பெண்ணின் அப்பா, வண்டி ஓட்டுகிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேசினதாலதான் என் பொண்ணுக்கும் ஒரு வழி பிறக்குது" என்றார். என்னால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. அவர் மகளும் அந்தத் தாழ்ப்பாளுக்குள்தானே இருந்தாள்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

சுகம். வேலை அதிகம், அதனால் எழுத முடியவில்லை. மேலே உள்ள புது முகவரியைக் குறித்துக்கொள். குடியிருப்பில் வீடு கிடைத்துவிட்டது. மூன்று அறை, தரைத்தளம், நாள் முழுவதும் தண்ணீர். பிள்ளைகள் குழாயைத் திறந்து திறந்து மூடி விளையாடுகிறார்கள்.

சட்ட விஷயம் எதையும் இனி எழுதக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. நீயும் கேட்காதே. சபையில் எடுத்துக்கொள்ளும் நாளில் உன் குழு வெளியே வந்து நிற்குமாம். நீ வர வேண்டாம். வெயில் கடுமையாக இருக்கும், உன் கால் தாங்காது.

எதற்கும் மனதைத் திடமாக வைத்துக்கொள்.

தம்பி

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

வீடு கிடைத்ததைப் படித்ததும் கேன்டீனில் எல்லோரிடமும் சொன்னேன். ஆறு வருடம் வாளி தூக்கின தோளுக்கு இனி ஓய்வு. வாயாடி இருந்தால் முதல் ஆளாக வந்து நின்று, "மாமா, மூணு ரூம்ல எது எனக்கு?" என்று கேட்டிருப்பாள்.

யார் சிபாரிசு செய்தார்கள்? யாராக இருந்தாலும் அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

நான் வருவேன். வெயிலுக்குத் தலையில் துணி போட்டுக்கொள்கிறேன். இருபத்தொன்பதாம் தேதி, பெரிய வாசலுக்கு எதிரே நிற்போம். நீ வெளியே வந்து பேச வேண்டாம். ஜன்னல் பக்கம் வந்தால் போதும்.

அக்கா

ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

நீயும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருப்பீர்கள்.

இருபத்தொன்பதாம் தேதி வெளியே நின்றோம். மூன்று மணிக்கு ஒருத்தர் வந்து நான்காம் பிரிவு போய்விட்டது என்றார். முதலாளி தன் கையால் பூட்டியிருந்தால் மட்டும்தான் குற்றமாம். எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் குழுவில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

நேற்றுக் கண்ணாடியம்மா சபையில் பேசியதன் அச்சுப் படியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. நாங்க அதுக்கும் ஒரு வழி பார்த்திருப்போமே" என்றார். அதில் தொழில் மந்திரி பேசியதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"விசாரணைக் குழு முன் எதுவும் தெரியாது என்று கண்ணீர் விட்ட அதே தாய், தன் உறவினருக்குக் கைப்பட எழுதியிருக்கிறார்: 'கதவு உள்ளேதான் தாழ் போட்டிருந்தது. தாழ்ப்பாளை வாங்கிக் கொடுத்தது நான். நல்லா கனமாப் பார்த்துக் குடுங்க என்று கேட்டு வாங்கினேன்.' இப்போது நான் யாரைச் சிறையில் போடுவது? முதலாளியையா, தாயையா, இல்லை தாழ்ப்பாள் விற்ற கடைக்காரரையா? (சிரிப்பு)"

பக்கத்தின் அடியில் ஏழு என்று போட்டிருக்கிறது.

என் கடிதத்தில் மேஸ்திரி இருந்தான். துணி எண்ண வந்தவன். படி எடுக்கும்போது அவனை எங்கே விட்டாய்? தெரியாது என்று சொல்லச் சொன்னவன் நீ. அது எங்கே?

ஒன்று மட்டும் கேட்கிறேன். அவர்கள் சிரித்தபோது நிஜமாகவே எல்லோரும் சிரித்தார்களா, இல்லை ஒன்றிரண்டு பேர்தானா? நீ அங்கே இருந்தாயே.

வாயாடியின் அம்மா

ஆகஸ்ட் 30

அக்கா,

நீ எழுதியிருக்கும் தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மூத்தவள் என்பதால் பதில் எழுதுகிறேன்.

விசாரணை முடிந்த மறுவாரம் துணைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். "அன்னைக்குப் பேசினது உங்க அக்காவாமே? உங்களுக்கு ஏதும் எழுதுவாங்களா?" என்றார். மேசையில் என் வீட்டு விண்ணப்பம் இருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக யாரோ அதைத் தூசி தட்டி எடுத்திருந்தார்கள். நான் கடிதத்தைக் கொடுக்கவில்லை. மூன்று வரியைத்தான் படி எடுத்துக் கொடுத்தேன். மேஸ்திரியை எழுதியிருந்தால் செத்த பெண்ணின் மானம் சபையில் ஏறியிருக்கும். அதைத் தவிர்த்தவன் நான். அதற்காவது நீ நன்றி சொல்லலாம்.

எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இருக்கிற பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். சட்டம் வந்தாலும் வாயாடி திரும்பி வரப்போவதில்லை. நிதானமாக யோசித்துப் பார். தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்தது நானா?

சிரித்தார்கள், எழுதினேன். அது என் வேலை. எத்தனை பேர் என்று எண்ணுவது என் வேலை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

அக்டோபர் 5

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? உங்களுக்கு நான் எழுதுவது இதுவே முதல் தடவை. அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அவர் உங்களுக்கு எழுதின கடிதங்களை எல்லாம் கதவுக் குழு அச்சடித்துச் சபை வாசலிலேயே கொடுத்துவிட்டது. பத்திரிகையிலும் வந்துவிட்டது. சபைக்கு வரும் முன்பே சட்ட நகலை வெளியே விட்டார், உறுப்பினர்களைப் பற்றித் தப்பாக எழுதினார் என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடிந்தால் வேலையே போய்விடும் என்கிறார்கள். வீட்டை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பெரியவளை வகுப்பில், "உங்கப்பாதான் காட்டிக்கொடுத்தவராமே" என்று கேட்கிறார்களாம். ஆளும் தரப்பும் கதவுக் குழுவும், இரண்டு பக்கத்துக்காரர்களும் அதையே கேட்கிறார்கள் அண்ணி. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அவர் செய்தது தப்புதான். நான் நியாயம் பேசவில்லை. அந்தக் கையெழுத்து அவருடையது இல்லை என்று நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று வக்கீல் சொல்கிறார். ஒரே ஒரு கடிதம். பிள்ளைகள் முகத்துக்காக.

உங்கள் தம்பி மனைவி

அக்டோபர் 14

அம்மாடி,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். கைப்புண் ஆறிவிட்டது. பாத்திரம் கழுவப் போவதில்லை. நான் கழுவினதில் சாப்பிடுவதற்கு யோசிக்கிறார்கள் என்று கேன்டீன்காரன் நிறுத்திவிட்டான். மகளைக் கொன்ற கை என்று பேச்சு. வண்டி ஓட்டுகிறவர் வாசலில் வந்து நின்று துப்பிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

உன் வீட்டுக்காரன் கிழிக்கச் சொன்ன கடிதம் ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை. தம்பி கையெழுத்து, முத்து முத்தாக இருக்கும், எப்படிக் கிழிக்க மனசு வரும்? சலவைக் கூடத்துத் தலையணை உறை ஒன்றில் போட்டு வைத்திருந்தேன். உறையோடு கொண்டுபோய்க் கண்ணாடியம்மாவிடம் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "இதை வெளியிட்டாலும் சட்டம் திரும்பி வராதும்மா. உங்க தம்பி வேலை போறதைத் தவிர வேற ஒண்ணும் நடக்காது. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். "அது ஒண்ணு போதும்" என்றேன். இரண்டு நாள் அச்சடிக்காமல் வைத்திருந்தார். மூன்றாம் நாள் நானே போய் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தேன். இரண்டாயிரம் தாள். துணி மடித்துப் பழகிய கை, மடிக்கிற வேலை எனக்கு நன்றாக வரும்.

நீ கேட்ட கடிதம் எழுத முடியாது. விசாரணை அதிகாரி போன வாரமே வந்துவிட்டார். "இது உங்க தம்பி கையெழுத்துதானா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க" என்றார். "பார்க்கணுமா? அந்தக் கைக்கு எழுதக் கத்துக்கொடுத்ததே நான்தானே" என்றேன். எழுதிக்கொண்டார். அவரும் தலை நிமிரவில்லை.

பிள்ளைகள் முகத்துக்காக என்று எழுதியிருக்கிறாய். இருக்கிற பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும் என்று உன் வீட்டுக்காரன் எழுதினான். எனக்கு இருக்கிற பிள்ளை இல்லை. அதனால் எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. சட்டை இரண்டும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பெரியவளுக்கு இந்நேரம் சின்னதாகப் போயிருக்கும்.

மாதக் கடைசியில் எங்கே போகிறீர்கள் என்று எனக்கு எழுது. அவசரத்தில் பிடிக்கிற வீட்டில் கதவு எதுவும் சரியாக மூடாது. பெண் குழந்தை வளருகிற வீடு. தாழ்ப்பாள் நான் வாங்கி அனுப்புகிறேன். அதே கடைதான். நல்ல கனமானதாகப் பார்த்து. (சிரிப்பு)

அண்ணி